லட்ச ரூபாய் லேப்டாப்புக்கு நாலரை ஸ்டார் தகுமா?

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பித்த பேச்சு, சாயங்காலக் காபி வரைக்கும் ஓடியது. மருமகனுக்கு லேப்டாப் வேண்டும். இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறான். அவன் கேட்பது ஆப்பிளின் மேக்புக் ஏர், 2025 மார்ச்சில் எம்4 சிப்போடு வந்தது, அறிமுக விலை 99,900 ரூபாய். அந்த எண்ணைக் கேட்டதுமே அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. "பதிமூணு இஞ்சுக்கு ஒரு லட்சமா? அம்பதாயிரத்துக்குப் பதினஞ்சு இஞ்சு தாரானே" என்றார். அவன் போனை நீட்டி, "எல்லாரும் நாலரை, அஞ்சுன்னு ஸ்டார் குடுத்திருக்காங்கப்பா, நீங்களே பாருங்க" என்றான். அப்புறம் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து மெல்லிசான லேப்டாப் வாங்கி, அதில் சுகமும் பட்டு அடியும் பட்டவள் நான் ஒருத்திதான்.

அன்றைக்குப் பேச்சுவாக்கில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கிற யாருக்காவது உதவும்.

நான் அம்பாசமுத்திரத்தில் இருந்துகொண்டு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறவள். அரிசி ஆலை, கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கம்பெனி, சேரன்மகாதேவியில் இரண்டு மூன்று கடைகள் என்று ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஸ்கூட்டரில் பாதி, ரயிலில் பாதி அலைச்சல். முதலில் வைத்திருந்தது பதினைந்தரை இஞ்ச் லேப்டாப், இரண்டே கால் கிலோ, சார்ஜரோடு சேர்த்தால் மூன்று கிலோவை நெருங்கும். செங்கோட்டை வண்டியில் உட்கார இடம் கிடைக்காத நாட்களில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும் நின்றால் ராத்திரி கையைத் தூக்கித் தலை பின்ன முடியாது. 2021-ல் சேர்த்து வைத்த காசைப் போட்டு, 1.2 கிலோ எடையில் ஒன்று வாங்கினேன், எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, பெரிய கம்பெனிதான். முதல் வாரமே தோள்வலி குறைந்தது. மின்சாரம் இல்லாத நேரத்திலும் ஆலையில் உட்கார்ந்து ஐந்தாறு மணிநேரம் வேலை பார்க்க முடிந்தது.

அதனால் அண்ணன் சொன்ன கணக்கை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய திரைக்கு விலை குறைவு, சின்னத் திரைக்கு விலை அதிகம், அப்படியானால் ஏமாற்று என்பது அவர் வாதம். மெல்லிசுக்கு ஏன் விலை கூடும் என்று பத்தமடைக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கோரைதான், சாதாரணப் பாய் ஒரு விலை, கோரையை இழை இழையாகக் கிழித்து நெய்த பட்டுப்பாய் வேறு விலை. 2008-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள் இருந்து முதல் மேக்புக் ஏரை உருவிக் காட்டினபோது அதன் விலை 1,799 டாலர், யுஎஸ்பி துளை ஒன்றே ஒன்று. அன்றைக்கு அது மெல்லிசாக இருந்தது, வேலைக்குச் சுமார்தான். இன்றைக்கு 1.24 கிலோவில் வருவது வேலையும் பார்க்கிறது, பேட்டரியும் நிற்கிறது. எடைக்கும் பேட்டரிக்கும் கொடுக்கிற காசு வீண் இல்லை, தினமும் தூக்குகிறவர்களுக்கு.

ஆனால் ஸ்டார் விஷயத்தில் மருமகனையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2023 அக்டோபர், 19-ஆம் தேதி சாயங்காலம். மறுநாள் 3பி என்கிற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். சார்ஜரைச் செருகினேன், விளக்கு எரியவில்லை. வேறு சார்ஜர், வேறு ப்ளக், எதுவும் ஆகவில்லை. வாரண்டி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் மதர்போர்டு போய்விட்டது, மாற்ற 52,000 ரூபாய் என்றார்கள். சரி, ஸ்டோரேஜையாவது கழற்றிக் கொடுங்கள், கணக்கு எல்லாம் அதில் இருக்கிறது என்றேன். கழற்ற முடியாது, போர்டிலேயே பற்றவைத்தது, போர்டு போனால் டேட்டாவும் போனதுதான் என்றார்கள். நம்பாமல் ஜங்ஷனில் வழக்கமாகப் பார்க்கிற கடைத் தம்பியிடம் கொண்டுபோனேன். அவன் அடிமூடியைத் திறந்து காட்டினான். ரேம் என்கிற தற்காலிக மெமரி, ஸ்டோரேஜ் எல்லாம் ஒரே தகட்டில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. "இதுல நான் கை வைக்க ஒண்ணுமே இல்லக்கா" என்றான். என் பழைய இரண்டே கால் கிலோ லேப்டாப்பில் இதே மாதிரி போர்டு போனபோது, இதே தம்பிதான் ஸ்டோரேஜைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டு அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தான்.

பென்டிரைவில் 11-ஆம் தேதி வரைக்கும் எடுத்து வைத்திருந்தேன். அதற்கு அப்புறம் ஏற்றின பில்களை எல்லாம் மறுபடி வாங்கி மறுபடி ஏற்றினேன். தாமதக் கட்டணம் ஒரு ரிட்டர்னுக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய், அதை ஆலைக்காரர்களிடம் கேட்க மனசு வரவில்லை, நானே கட்டினேன். காசு பெரிதில்லை. பதினெட்டு வருடமாக ஒரு தேதியும் தவறவிடாத கை அது, அதுதான் இன்னும் ஆறவில்லை.

அதற்கு அப்புறம்தான் இது ஏன் இப்படி என்று தேடித் தேடிப் படித்தேன். எல்லாமே கம்பெனியின் சூழ்ச்சி என்று சொல்ல மாட்டேன், அது நியாயம் இல்லை. ரேமைத் தனியாகச் செருக ஒரு சாக்கெட் வைத்தால் உயரம் கூடும். பிராசசருக்குப் பக்கத்திலேயே பற்றவைத்தால் மின்சாரம் குறைவாக இழுக்கும், வேகமும் கிடைக்கும், பேட்டரி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆப்பிளின் எம் வரிசை பிராசசரில் ரேமும் அதே பொட்டலத்தில் இருக்கிறது. எந்த மெல்லிசுக்கு ஸ்டார் கொடுக்கிறார்களோ அந்த மெல்லிசிலிருந்துதான் இந்தக் கஷ்டமும் வருகிறது. ரேம் வரைக்கும் நான் மன்னிப்பேன். ஆனால் ஸ்டோரேஜையும் சேர்த்துப் பற்றவைக்கத்தான் வேண்டுமா? லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் லேப்டாப் 1.1 கிலோதான் இருக்கும், அதில் ஸ்டோரேஜைக் கழற்றி மாற்றலாம். அமெரிக்காவில் ஃப்ரேம்வொர்க் என்ற கம்பெனி 2021-ல் கொண்டுவந்த லேப்டாப் 1.3 கிலோ, ரேம், ஸ்டோரேஜ், பேட்டரி, சார்ஜ் துளை வரைக்கும் வீட்டிலேயே ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து மாற்றிக்கொள்ளலாம். அதாவது என்னுடையதைவிட நூறு கிராம் கூடினால் எல்லாவற்றையும் கழற்றக்கூடிய மாதிரி செய்ய முடிகிறது.

இதில் எதுவும் அந்த நாலரை ஸ்டாரில் வருவதில்லை. விமர்சனம் எழுதுகிறவர்கள் ஒரு வாரம், பத்து நாள், ஏசி அறையில் வைத்துப் பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, புதுப் பொருளைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனால் மேக்புக் ஏருக்கு ஆப்பிளே போட்டிருக்கிற அளவு, 10 முதல் 35 டிகிரி வரை வெப்பத்தில் பயன்படுத்தலாம் என்பது. அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் 38 டிகிரி என்பது சாதாரண நாள். அந்த மிஷினில் ஃபேன் கிடையாது, சூடு ஏறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓட்டுவீட்டு மாடியில், பகல் இரண்டு மணிக்கு என்ன வேகம் வரும் என்று யாரும் பார்த்து ஸ்டார் போடவில்லை.

அதே சமயம் இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை, அது இந்த மிஷினுக்குச் சாதகம். அரிசி ஆலைக்குள் லேப்டாப் வைத்து வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், தவிட்டுத் தூசி ஃபேன் வழியாக உள்ளே போய் அப்பிக்கொள்ளும். நான் வருடத்துக்கு இரண்டு தடவை திறந்து துடைக்கக் கொடுக்கிறேன். ஃபேனே இல்லாத மிஷினுக்கு அந்தத் தொல்லை பெரிதாக இருக்காது. என் கணக்கில் அதற்கு அரை ஸ்டார் கூடவே போடலாம்.

ஸ்டாரை நம்பி வாங்குகிறவர்கள் எந்த மாடலுக்குப் போட்ட ஸ்டார் என்றும் பார்க்க வேண்டும். 2022-ல் எம்2 ஏர் 1,19,900 ரூபாய்க்கு வந்தபோது, 256 ஜிபி மாடலில் ஸ்டோரேஜ் படிக்கும் வேகம் முந்தின எம்1 மாடலில் இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். 2024 அக்டோபர் கடைசி வரைக்கும் அடிப்படை மாடல்களில் ரேம் 8 ஜிபிதான், அப்புறம் விலையைக் கூட்டாமலே 16 ஆக்கினார்கள். முந்தின மாதம் வாங்கினவர் அதே காசுக்குப் பாதி ரேம் வாங்கினார், ரேமோ பிறகு கூட்ட முடியாதது. கடைத் தளங்களில் இருக்கிற ஸ்டாரோ இன்னும் மோசம், "டெலிவரி சீக்கிரம் வந்தது" என்று ஐந்து, "டப்பா நசுங்கியிருந்தது" என்று ஒன்று.

பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்து லேப்டாப் விற்கிற இடத்தில், அதை ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண் போட்டு வைக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த ஒரு எண் இங்கே டப்பாவின் மேல் இருந்திருந்தால் 2021-ல் நான் வேறு லேப்டாப் வாங்கியிருப்பேன்.

சரி, விலைக்கு வருவோம். லட்ச ரூபாய் மிஷின் ஐந்து வருடம் உழைத்தால் மாதத்துக்கு 1,665 ரூபாய். ஐம்பதாயிரத்து மிஷின் மூன்று வருடத்தில் தேய்ந்தால் மாதம் 1,390. வித்தியாசம் முந்நூறு ரூபாய்கூட இல்லை. அண்ணன் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்து, கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆனால் இந்தக் கணக்கு ஐந்து வருடமும் போர்டு போகாமல் இருந்தால் மட்டும்தான். இரண்டாம் வருடம் 52,000 கேட்டால் மாதக்கணக்கு எல்லாம் தலைகீழ். அப்புறம் 2025-ல் அந்த எம்4 ஏரில் 256 ஜிபியை 512 ஆக்க 20,000 ரூபாய் கூடக் கேட்டார்களே, அதற்கு மட்டும் என்னிடம் எந்த நியாயமும் இல்லை. அதே அளவு ஸ்டோரேஜை ஜங்ஷன் தம்பி என் பழைய லேப்டாப்புக்கு நாலாயிரத்துச் சொச்சத்துக்குப் போட்டுக் கொடுத்தான்.

எனக்கு மேக்புக் ஏர் ஆகவே ஆகாது. நான் கணக்கு எழுதுகிற டேலி சாப்ட்வேர் மேக்கில் நேரடியாக ஓடாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகப் பழைய மாதிரி யுஎஸ்பி துளை வேண்டும், அதில் இருப்பது இரண்டு டைப்-சி துளைதான். கீபோர்டுக்குப் பக்கத்தில் எண் பலகை இல்லாமல் ஒரு நாளைக்கு முந்நூறு பில் ஏற்ற முடியாது. அவசரத்தில் 48,000-க்கு வாங்கின பதினைந்தரை இஞ்சைத்தான் இப்போதும் சுமக்கிறேன், தோள்வலியும் திரும்பி வந்துவிட்டது. அடுத்தது 1.4 கிலோவுக்குள், ஸ்டோரேஜ் கழற்றுகிற மாதிரி பதினாலு இஞ்ச் ஒன்று வாங்குவேன், எண் பலகை தனியாக.

மருமகனுக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்றுதான் சொன்னேன். தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குத் தூக்கிப் போகிறான், புரோகிராம் எழுதுகிறான், டேலி பக்கமே வரப்போவதில்லை. 2025-ல் வந்தபோது மாணவர்களுக்கு 89,900 என்று விலை போட்டிருந்தார்கள், அப்படிக் கிடைத்தால் மிச்சமாகிற பத்தாயிரத்தில் வெளியே மாட்டுகிற டிஸ்க் ஒன்று வாங்கி, ராத்திரி ராத்திரி எல்லாவற்றையும் அதில் எடுத்து வைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அண்ணன் கடைசியாக ஒன்று மட்டும் கேட்டார். "இது போச்சுன்னா நம்ம ஜங்ஷன் தம்பி பாப்பானா?" மருமகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், பதில் சொல்லவில்லை. பக்கத்தில் எந்த ஊரில் சர்வீஸ் இருக்கிறது, வாரண்டி முடிந்த பிறகு போர்டு மாற்ற என்ன ஆகும் என்று வாங்குவதற்கு முன்னாலேயே போன் போட்டுக் கேட்டு எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் மெல்லிசு லேப்டாப்பை நாலு வருடத்துக்கு மேல் வைத்திருக்கிறவர்கள், எந்த மாடல், இதுவரைக்கும் ரிப்பேருக்கு எவ்வளவு ஆனது என்று கீழே எழுதுங்கள். அண்ணனிடம் காட்ட வேண்டும்.