மோருப் தேவாலயத்தைக் கடலுக்கு விட்டது சரிதான்

கோடை விடுமுறைக்கு லண்டனில் இருந்தோ பாரிசில் இருந்தோ சொந்தக்காரர் டென்மார்க்குக்கு வந்தால் நாங்கள் கூட்டிக்கொண்டு போவது எப்போதும் ஒரே இடங்களுக்குத்தான். பிள்ளைகளுக்குப் பில்லுண்டில் லெகோலாண்ட், பெரியவர்களுக்குக் கோபன்ஹேகனில் கடற்கன்னி சிலை, நடுவில் ஹெர்னிங் பிள்ளையார் கோயிலும் பிராண்ட அம்மன் கோயிலும். கொஞ்சம் துணிந்தவர்கள் வடக்கே ஸ்காகன் முனைவரை போய், இரண்டு கடலிலும் ஒவ்வொரு கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிடுவார்கள். போகிற வழியில் நாட்டின் வடகோடிப் பகுதியான வென்சூசல் முழுவதையும் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி.

எனக்கு அது மனசு கேட்பதில்லை. டென்மார்க்கின் பெருநிலப் பகுதியான யூட்லாந்தின் வடமேற்குக் கரை இந்த நாட்டில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம். அங்கே எடுத்து இணையத்தில் போட்ட படங்களுக்குக் கீழே ஒவ்வொரு முறையும் யாராவது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "இவ்வளவு பணக்கார நாடு, எழுநூறு வருடப் பழைய தேவாலயத்தைக் கடலில் விழ விடுமா?" அதற்கு இன்றைக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். லோன்ஸ்ட்ரூப் என்ற சின்னக் கடலோர ஊருக்குத் தெற்கே, உயரமான கரை மேட்டில் மோருப் தேவாலயம் இருந்தது. சுமார் 1250-ல் கட்டியது. கட்டியபோது கடல் எங்கேயோ தூரத்தில். அந்த மேடு பாறையே இல்லை. பனியுகத்தில் வடக்கிலிருந்து வந்த பனிப்பாளம் முட்டித் தள்ளி மடித்துவிட்டுப் போன களிமண்ணும் மணலும்தான். குளிர்காலப் புயல் அடியைக் கரைக்கும், மேலே உள்ளது சரியும். 1928-ல் லோன்ஸ்ட்ரூப்பில் புதுத் தேவாலயம் வந்ததும் மோருப்பில் வழிபாடு நின்றது. அப்புறம் கடல் கிட்ட வந்துகொண்டே இருந்தது. கடைசியில் 2008-ல் கட்டடத்தைப் பிரிக்கத் தொடங்கினார்கள். அளந்து, ஆவணப்படுத்தி, பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். சில ஆண்டுகளில் முழுவதும் போய்விட்டது. பக்கத்தில் இருந்த இடுகாட்டையும் கடல் தின்றது. சரிவில் மனித எலும்புகள் வெளியே தெரிந்த காலமும் இருந்தது.

அந்த இடுகாட்டில் 1808-ல் இந்தக் கரையில் உடைந்த கிரெசென்ட் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் ஆட்கள் புதைக்கப்பட்டார்கள். இருநூறுக்கு மேற்பட்டவர்கள் அந்த டிசம்பரில் மூழ்கிப்போனார்கள். அப்போது டென்மார்க்கும் இங்கிலாந்தும் போரில் இருந்தன. எதிரி நாட்டு மாலுமிகளைக் கரையில் இருந்த சனம் எடுத்துத் தங்கள் மண்ணில் அடக்கம் செய்தது. கப்பலின் நங்கூரம் மட்டும் இன்றும் மேட்டில் கிடக்கிறது. நான் அங்கே போனால் கடலைப் பார்ப்பதைவிட அந்த நங்கூரத்துக்குப் பக்கத்தில்தான் அதிக நேரம் நிற்பேன். பெயர் தெரியாத பிள்ளைகள், இரண்டாம் தடவையும் கடலுக்கே போனார்கள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கும்.

சரி, ஏன் காப்பாற்றவில்லை? நின்ற இடத்திலேயே காப்பாற்ற ஒரே வழி மேட்டின் அடியில் பாறாங்கல் கொட்டிச் சுவர் எழுப்புவது. லோன்ஸ்ட்ரூப் ஊருக்கு 1980-களில் அப்படித்தான் அலைத்தடுப்பு போட்டார்கள். அங்கே வீடுகள் இருந்தன, ஆட்கள் வாழ்ந்தார்கள், அது நியாயம். மோருப்பில் அதைச் செய்திருந்தால் தேவாலயம் நின்றிருக்கும், மேடு செத்திருக்கும். ஏனென்றால் இந்தக் கரையில் அலையும் நீரோட்டமும் மணலை வடகிழக்காக இழுத்துக்கொண்டு போகின்றன. இங்கே சரியும் மணல் வீணாகப் போவதில்லை. கரையோடு கரையாக ஹிர்ட்ஸ்ஹால்ஸ் தாண்டி வடக்கே போய்ச் சேர்கிறது. நீங்கள் இரண்டு கடலில் கால் வைத்துப் படம் எடுத்த ஸ்காகன் முனை இருக்கிறதே, ஸ்காகராக்கும் காட்டெகாட்டும் முட்டிக்கொள்ளும் அந்த மணல் நாக்கு, அதைக் கட்டிக்கொண்டிருப்பது மேற்குக் கரையில் சரியும் இந்த மண்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த முனை அப்படித்தான் வளர்ந்தது, இன்னும் வளர்கிறது. தெற்கே கல் கொட்டிப் பூட்டினால் வடக்கே இருப்பவன் மணலுக்கு ஏங்க வேண்டும். லோன்ஸ்ட்ரூப்புக்கு வடக்கே நோர்லேவ் பக்கம் கோடை வீடுகள் விளிம்புக்கு வந்து, சில கீழேயும் விழுந்துவிட்டன. அந்த வீட்டுக்காரர்கள் தடுப்புக் கேட்டுப் போராடுகிறார்கள். அவர்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர்களுக்குப் போடும் கல்லுக்கு அடுத்த ஊர் விலை கொடுக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதைச் சொன்னால் உடனே அடுத்த கேள்வி வரும்: "அப்போ வெளிச்சவீட்டை மட்டும் ஏன் காப்பாற்றினார்கள்?"

ரூப்யேர் க்னூட வெளிச்சவீடு மோருப்புக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 60 மீட்டர் உயர மேட்டில், 23 மீட்டர் உயரக் கோபுரம். 1900 டிசம்பரில் விளக்கேற்றினார்கள். அப்போது கடல் 200 மீட்டர் தள்ளி இருந்தது. அதற்கு முதல் எதிரி கடல்கூட இல்லை, மணல். மேட்டிலிருந்து காற்று வாரிக்கொண்டு வந்த மணல் கோபுரத்தைச் சுற்றிக் குவிந்து குவிந்து, கடைசியில் கப்பலில் இருப்பவர்களுக்கு வெளிச்சமே தெரியாத அளவுக்கு உயர்ந்தது. அள்ளிப் பார்த்தார்கள், புல் நட்டுப் பார்த்தார்கள், முடியவில்லை. 1968 ஆகஸ்டில் விளக்கை அணைத்தார்கள். பிறகு அதே கட்டடங்களில் மணல் நகர்வதைப் பற்றியே அருங்காட்சியகம் வைத்தார்கள். அதையும் மணல் மூடியது. 2019 அக்டோபரில், விளிம்புக்கு மிக அருகே கடல் வந்துவிட்ட நிலையில், முழுக் கோபுரத்தையும் தூக்கித் தண்டவாளத்தில் வைத்து உள்ளே 70 மீட்டர் நகர்த்தினார்கள். 700 டன்னுக்கு மேல் எடை. யோசனை உள்ளூர் மேசன் ஒருவருடையது. நாடே தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்த்தது.

அந்த வேலையை நான் மதிக்கிறேன். கடற்கரைக்கு ஒரு கல்கூடப் போடாமல், மேட்டை அதன் போக்கில் விட்டுவிட்டு, கட்டடத்தை மட்டும் விலக்கி வைத்தார்கள். நல்ல தீர்வு. ஆனால் இந்த 70 மீட்டரும் ஒருநாள் தீரும். சில பத்தாண்டுகள்தான். அப்போது மறுபடியும் தண்டவாளம் போடக் கூடாது என்பது என் கருத்து. சில நண்பர்கள் இதில் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள், தெரியும். ஒரு தடவை நகர்த்துவது மரியாதை. கடல் வரவர நகர்த்திக்கொண்டே போனால் அது வெறும் படம் எடுக்கும் கோபுரமாகிவிடும். அது நின்ற இடம், அது பார்த்த கடல், அதைப் புதைத்த மணல், இவை சேர்ந்ததுதான் அதன் கதை.

இந்தப் பகுதியில் மணலைப் பற்றி இன்னும் இரண்டு இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஸ்காகனுக்குப் பக்கத்தில் மணல் மூடிய தேவாலயம். பதினான்காம் நூற்றாண்டில் புனித லாரன்சுக்குக் கட்டியது, அந்தக் காலத்தில் வென்சூசலில் இருந்த மிகப் பெரிய தேவாலயம். காற்றில் மணல் வந்து கதவை அடைக்கும், சனம் மண்வெட்டியோடு வந்து வழி வெட்டி உள்ளே போகும். 1795-ல் மூடிவிட்டார்கள். உடல் பகுதியை இடித்தார்கள், கோபுரத்தை மட்டும் வெள்ளையடித்து மாலுமிகளுக்கு அடையாளமாக விட்டார்கள். இன்றைக்கும் மணல்மேட்டுக்குள்ளிருந்து அந்த வெள்ளைக் கோபுரம் மட்டும் எட்டிப் பார்க்கிறது.

அதற்குத் தெற்கே ரோப்யேர் மீல. ஒரு முழு மணல்மேடு, சுமார் 40 மீட்டர் உயரம், ஆண்டுக்கு 15 முதல் 18 மீட்டர்வரை வடகிழக்காக நகர்கிறது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. சில நூற்றாண்டுகளுக்கு முன் இந்தக் கரை முழுவதும் இப்படித்தான் நகர்ந்தது. காடு வெட்டினார்கள், மாடு ஆடு மேயவிட்டார்கள், மணலைப் பிடித்துவைத்திருந்த புல்லைக் கூரைக்கும் தீவனத்துக்கும் அறுத்தார்கள், மேலிருந்து புயலும் சேர்ந்தது. வயல், வீடு, தேவாலயம் எல்லாம் புதைந்தன. 1792-ல் அரசு தனிச் சட்டமே போட்டது. அடுத்த நூறு ஆண்டும் அதற்குப் பிறகும் புல் நட்டு, குட்டைப் பைன் மரம் நட்டு, கரை முழுக்க மணலைக் கட்டிப்போட்டார்கள். எல்லாவற்றையும் கட்டிய பிறகு, இந்த ஒரு மேட்டை மட்டும் அரசு வாங்கி, எதுவும் நடாமல் அவிழ்த்துவிட்டது. தங்கள் முன்னோர் எதோடு மல்லுக்கட்டினார்கள் என்று பின்னால் வரும் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக. ஓர் அரசாங்கம் எடுத்த முடிவுகளில் இவ்வளவு அழகானதை நான் வேறெங்கும் கண்டதில்லை. இப்போது அது முக்கிய சாலையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறார்கள்.

மணல் அழிக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஓல்போர்க் நகருக்கு எதிர்க்கரையில், லிம்ஃபியோர்ட் என்ற நீர்ப்பரப்பைப் பார்த்தபடி இருக்கும் லிண்ட்ஹோம் ஹோய குன்றுக்குப் போங்கள். எழுநூறுக்குச் சற்றுக் குறைவான புதைகுழிகள், ஐந்தாம் நூற்றாண்டு தொடங்கி வைக்கிங் காலத்தின் முடிவுவரை. பெரும்பாலானவை எரித்த சாம்பல். சாம்பலைச் சுற்றிக் கற்களை நட்டிருக்கிறார்கள். பெண்களுக்கு வட்டமாகவோ முட்டை வடிவிலோ, ஆண்களுக்கு முக்கோணமாகவோ கப்பல் வடிவிலோ. இரு முனையும் கூராக, புல்வெளி முழுக்கக் கல்லால் ஆன கப்பல்கள். சுமார் ஆயிரமாம் ஆண்டில் மேற்கிலிருந்து வந்த மணல் இதையெல்லாம் மூடியது. மூடாமல் இருந்திருந்தால் பின்னால் வந்தவர்கள் வீடு கட்டவும் வேலி போடவும் கற்களைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள், நிலத்தை உழுதிருப்பார்கள். 1952 முதல் 1958 வரை அகழ்ந்தபோது கற்கள் நட்ட இடத்திலேயே இருந்தன. அதைவிட எனக்குப் பிடித்தது பக்கத்தில் கிடைத்த வயல். உழுத சால் அப்படியே, அதன் குறுக்கே வண்டிச் சக்கரத் தடம் அப்படியே. உழுதுவிட்டு வீட்டுக்குப் போன ஒருவன் திரும்பி வருவதற்குள் மணல் வந்துவிட்டது. அரசர்களைப் பற்றி நூறு கல்வெட்டு படித்தாலும் அந்தச் சக்கரத் தடம் தரும் நெருக்கம் கிடைக்காது.

குன்றுக்கு நுழைவுச்சீட்டு இல்லை. ஆடுகள் கல்லுக்கு நடுவே மேய்கின்றன. அந்த ஆடுகள் இல்லாவிட்டால் புதர் வளர்ந்து கல் மறைந்துவிடும். பக்கத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்கு மட்டும் கட்டணம்.

நேரம் இருந்தால் மேற்கே புல்ப்யேரும் போகலாம். 47 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறை, கடற்பறவைகள் கூடு வைக்கும் இடம், உள்ளே ஜெர்மானியர் கட்டிய போர்க்காலப் பதுங்குகுழி. அதன் முன்னே கடலில் ஸ்காரெக்லிட் என்ற தனிப்பாறை நின்றது. 1978 புயலில் விழுந்தது. யாரும் அதைத் திரும்பக் கட்ட நினைக்கவில்லை.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. டேனியர் 1620-ல் கோட்டை கட்டி 1845 வரை வைத்திருந்த தரங்கம்பாடியில், 1306-ல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணி நாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அங்கே கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். மோருப்பைக் காட்டி "டென்மார்க்கைப் பாருங்கள், நீங்களும் விட்டுவிடுங்கள்" என்று தரங்கம்பாடிக்காரரிடம் யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அது பூசை நடக்கும் கோயில், பக்கத்திலேயே மீனவர் குடியிருப்பு. பிரிக்கத் தொடங்கியபோது மோருப்பில் வழிபாடு நின்று எண்பது ஆண்டாகியிருந்தது, அடியில் வாழும் குடும்பமும் இல்லை. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் ஒரு கரையின் முடிவை இன்னொரு கரைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

போகிறவர்களுக்கு: தெற்கிலிருந்து வருவதென்றால் காலையில் லிண்ட்ஹோம், மதியம் ரூப்யேர் க்னூடவும் மோருப்பும், இரவு ஹிர்ட்ஸ்ஹால்ஸ் பக்கம் தங்கி மறுநாள் ரோப்யேர் மீலவும் ஸ்காகனும். வெளிச்சவீட்டுக்குக் கார் நிறுத்தும் இடத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும், காற்றடிக்கும் நாளில் மணல் முகத்தில் குத்தும், கண்ணாடி கொண்டுபோங்கள். ஸ்காகன் முனையில் கால் நனைக்கலாம், நீந்தக் கூடாது, நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். மேட்டு விளிம்புக்குப் பிள்ளைகளைப் போகவிடாதீர்கள். மேலே புல் இருப்பது போல் தெரியும், அடியில் மண் இருக்காது. மழைக்கு அடுத்த நாள் கீழே கடற்கரையில் மேட்டை ஒட்டி நடப்பதும் வேண்டாம்.