குடியரசுத் தலைவர் ஒரே கையெழுத்தில் சட்டத்தை ரத்து செய்வாரா?

அம்மாபேட்டை, சூரமங்கலம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு நாளாக ஒரு செய்தி சுற்றுகிறது. "குடியரசுத் தலைவர் நினைத்தால் எந்தச் சட்டத்தையும் ஒரே கையெழுத்தில் ரத்து செய்யலாம். மனுவில் பெயர் சேர்த்து பத்து பேருக்கு அனுப்புங்கள்" என்கிறது. ஏற்காடு எஸ்டேட் குழுக்களுக்கும் ஏறிவிட்டது. இது தவறு.

நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நீக்க நாடாளுமன்றமே இன்னொரு சட்டம் இயற்ற வேண்டும். மூன்று வேளாண் சட்டங்கள் 2021-இல் அப்படித்தான் போயின. செல்லாது என்று அறிவிக்க நீதிமன்றத்தாலும் முடியும்.

குடியரசுத் தலைவருக்கு எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. ஒப்புதலுக்கு வரும் மசோதாக்களில் பண மசோதா (வரி, அரசுச் செலவு பற்றியது) தவிர மற்றவற்றை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், பிரிவு 111. ஆனால் இரு அவைகளும் மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை மறுக்க முடியாது. 2006-இல் ஆதாயப் பதவி (எம்.பி.க்கள் வகிக்கக் கூடாத, அரசு ஆதாயம் தரும் பதவி) மசோதாவை அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார். அப்படியே திரும்பி வந்தது, கையெழுத்திட்டார். அத்தனை மக்கள் செல்வாக்கு உள்ளவருக்கே எல்லை அதுதான்.

அவசரச் சட்டமும் (பிரிவு 123) தன்னிச்சையானது அல்ல. அமைச்சரவை ஆலோசனைப்படிதான் (பிரிவு 74), இரு அவைகளும் கூடியிருக்கும்போது முடியாது. அவை மீண்டும் கூடி ஆறு வாரத்தில் காலாவதியாகும்.

அரசமைப்புச் சட்டம் மத்திய சட்ட அமைச்சக இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது. 74, 111, 123 பிரிவுகளைப் பாருங்கள். மனு கொடுப்பது உங்கள் உரிமை, தாராளமாகக் கொடுங்கள். இந்தச் செய்தியை மட்டும் இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.