லாந்த் காடு ஆதிக்காடா?

“ஐரோப்பாவின் மனிதக் கை படாத ஆதிக்காடு” என்ற வரியோடு தென்மேற்கு பிரான்சின் லாந்த் பைன் காட்டுப் படம் பகிரப்படுகிறது. தவறு. சுமார் 10 லட்சம் ஹெக்டேர் பரந்த அந்தக் காட்டின் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் நட்டு வளர்த்தது.

 அதற்குமுன் அங்கே இருந்தது மழைக்காலத்தில் நீர் தேங்கும் மணல்வெளி. மேய்ப்பர்கள் உயரமான பொய்க்கால்களில் ஏறி நின்றுதான் ஆடு மேய்த்தார்கள். ஆட்டுச்சாணம் இல்லாமல் அந்த மண்ணில் ரை என்ற தானியம்கூட விளையாது.

1857இல் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் அரசு ஒரு சட்டம் போட்டது: ஊர்ப் பொது நிலங்களில் வடிகால் வெட்டி மரம் நட வேண்டும். செலவுக்குப் பணமில்லாத ஊர்கள் நிலத்தை விற்றன. மேய்ச்சல் நிலம் தனியார் தோப்பானது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து பைன் மரப் பிசின் வரத்து குறைந்ததும் விலை ஏறியது, தோப்பு உரிமையாளர்களுக்கு யோகம்தான். மேய்ப்பர்களின் பிள்ளைகள் பிசின் வடிக்கும் கூலிகளானார்கள்.

வதந்தியில் துளி உண்மையும் உண்டு. ஆர்க்கஷோன் வளைகுடா அருகே பழமையான இயற்கைப் பைன் காடு ஒன்று இருந்தது. 2022 ஜூலைத் தீயில் அதன் பெரும்பகுதி எரிந்துபோனது.