முகவீணைக்கு அடுத்த ஆள்

இந்த வருஷம் சித்திரையில் செய்யாறு பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் தெருக்கூத்து பார்த்தேன். அன்று கர்ண மோட்சம். ஆட்டம் தொடங்கும் முன் கொட்டகைக்குப் பின்னால் போனேன். வேஷக்காரர்கள் தோளில் புஜக்கட்டையை இறுக்கிக் கட்டும் சத்தத்துக்கு நடுவே முகவீணைக்காரர் சீவாளியை, அதாவது ஊதும் முனையை, வாயில் வைத்து ஈரமாக்கிக்கொண்டிருந்தார். முகவீணை என்பது வீணை இல்லை, ஊதி வாசிக்கும் ஒரு சாண் நீளக் குழல். அவருக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும்.

"உங்களுக்கு அப்புறம் யார் வாசிப்பாங்க பெரியவரே?" என்று கேட்டேன்.

"பையன் சிப்காட்டுல ஷிப்டுக்குப் போறான் தம்பி. ஆடி மாசம் முடிஞ்சா நமக்கு வேலை இல்ல. அவனுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது. அவன எப்படித் தப்பு சொல்றது?"

கலைக்கு அரசு பணம் கொடுக்கலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம், "ஜனங்களுக்குப் பிடித்திருந்தால் ஜனங்களே கொடுக்கட்டும்" என்று ஒரு பதில் வருகிறது. ஜனங்கள் கொடுக்கத்தான் செய்கிறார்கள். வீட்டுக்கு வீடு வரி போட்டு, ஊரே சேர்ந்து கூத்து வைக்கிறது. ஆனால் அது ஒரு ராத்திரிக்கான காசு. அதைப் பத்துப் பதினைந்து பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பையன் முகவீணை பழகும் நான்கைந்து வருஷத்துக்கு அவன் வீட்டில் அரிசி வாங்குவது யார்? அதை எந்த ஊரும் கொடுக்காது, கொடுக்கவும் முடியாது. அரசு வர வேண்டிய இடம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இது புதிய யோசனையும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது கோயிலில் ஆடிய பெண்களுக்கு, ஆளுக்கொரு வீடும், வருஷத்துக்கு நூறு கலம் நெல் கிடைக்கும் பங்கும் கொடுத்த செய்தி இருக்கிறது. நட்டுவனார், பாடுபவர், கொட்டி வாசிப்பவர் எல்லோருக்கும் பங்கு உண்டு. அந்தப் பெண்களைப் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றினார்கள். அவர்களிடம் விருப்பம் கேட்டார்களா என்ற கேள்வி எனக்கு உண்டு, அந்தக் காலத்தைக் கொண்டாட இதைச் சொல்லவில்லை. அந்தக் கல்வெட்டில் என்னை நிறுத்திய இடம் வேறு. பங்கு வாங்குபவர் இறந்தால் நெருங்கிய உறவினர் அந்த வேலையைச் செய்து பங்கைப் பெற வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள இன்னொருவரை அமர்த்த வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் "அடுத்த ஆள் யார்" என்று யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள்!

இன்றைக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கலைமாமணி விருது இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் இருக்கிறது. நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவி இருக்கிறது. 2007இல் சென்னை சங்கமம் வந்தபோது பூங்காவில் பறையும் கரகமும் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான். ஆனால் விருது, பேர் வாங்கியவருக்கு. உதவித்தொகை, ஆடி ஓய்ந்தவருக்கு. சங்கமம், ஏற்கெனவே ஆடத் தெரிந்தவருக்கு. கற்றுக்கொள்ள வருபவனுக்கு என்ன இருக்கிறது? மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம் என்று மூன்று வருஷப் படிப்பு நடக்கிறது. நாதஸ்வரத்துக்குக் கொடுத்த அந்த இடத்தை முகவீணைக்கும் கொடுங்கள். வாரக் கடைசி வகுப்பில் இரண்டு அடவு சொல்லிக்கொடுக்கலாம், விடிய விடிய வாசிக்கிற மூச்சு அதில் வராது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு வாத்தியார், அவரிடம் இரண்டு பிள்ளைகள், மூன்று பேருக்கும் ஐந்து வருஷம் மாதச் சம்பளம். பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது ஜமாக்காரர்கள், அதாவது கூத்துக் குழுவினர், கையில் இருக்கட்டும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் யாரைக் கிண்டல் செய்தாலும் அந்தப் பணத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. அவன் ராஜாவையே கேலி பேசுகிறவன். அப்புறம், விழிப்புணர்வுப் பாட்டு பாடினால்தான் காசு என்ற நிபந்தனையும் வேண்டாம். அதற்குத் தனியாகக் கூலி கொடுங்கள்.

முக்கியமாக, ஆடி மாசம் முடிந்ததிலிருந்து தை வரை அந்தச் சம்பளம் நிற்கக் கூடாது. பிள்ளைகள் சிப்காட் பஸ் ஏறுவது அந்த மாதங்களில்தான்.