முதுகில் ராஜா இல்லாத குதிரை

சரித்திரத்தில் பேர் வாங்கிய குதிரைகள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் என்னென்ன இருக்கும் என்று படிக்காமலேயே சொல்லிவிடலாம். அலெக்சாண்டரின் புசெபலஸ், ராணா பிரதாப்பின் சேத்தக், நெப்போலியனின் மாரெங்கோ, அவரை வாட்டர்லூ போரில் வென்ற வெலிங்டனின் கோபன்ஹேகன். எல்லாக் குதிரைக்கும் முன்னால் ஒரு மனிதரின் பெயர் நிற்கிறது. ஏறியவர் பெரிய ஆள், அதனால் அவரைச் சுமந்த குதிரையும் பெரியது. இந்தக் கணக்கு எனக்கு ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை.

நம் பக்கமும் இதே கதைதான். கடையெழு வள்ளல்களில் காரியின் குதிரைக்குக் காரி என்றே பெயர், ஓரியின் குதிரைக்கு ஓரி என்றே பெயர். தனக்கென்று ஒரு பெயர்கூட மிச்சமில்லாமல் எசமானோடு கரைந்துபோன குதிரைகள்.

புசெபலஸ் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் அடங்காத குதிரை. அது தன் நிழலைப் பார்த்துத்தான் மிரள்கிறது என்று சிறுவன் அலெக்சாண்டர் கண்டுபிடித்து, முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பி ஏறிவிட்டான் என்கிறார்கள். அழகான கதை. ஆனால் அதில் குதிரையின் பங்கு என்ன? பயந்தது, அப்புறம் அடங்கியது. அவ்வளவுதான். கி.மு. 326இல் ஜீலம் நதிக்கரைப் போரை ஒட்டி அது இறந்தபோது அதன் பெயரில் ஒரு நகரத்தையே அலெக்சாண்டர் அமைத்தார். நகரத்துக்குப் பெயர் தருமளவு நேசித்தார் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கதை முழுக்க அலெக்சாண்டரைப் பற்றியதுதான்.

மாரெங்கோவின் நிலை இன்னும் மோசம். லண்டனில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் அதன் எலும்புக்கூடு நிற்கிறது. குளம்பு ஒன்றை எடுத்து மூக்குப்பொடி டப்பா செய்துவிட்டார்கள். நெப்போலியனின் லாயப் பதிவேடுகளில் அப்படி ஒரு பெயரே காணவில்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்களோ! வாட்டர்லூவில் எதிர்ப்பக்கம் நின்ற கோபன்ஹேகனாவது ஒரு காரியம் செய்தது. நாள் முழுக்க வெலிங்டனைச் சுமந்துவிட்டு, இரவில் அவர் இறங்கித் தட்டிக்கொடுத்தபோது காலை வீசி ஓர் உதை விட்டது. மயிரிழையில் தப்பினார். அந்த நாள் முழுவதிலும் குதிரை தன் சார்பில் சொன்ன ஒரே வார்த்தை அந்த உதைதான் என்று எனக்குப் படுகிறது.

அமெரிக்காவின் கமாஞ்சியை விடக் கூடாது. 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் போரில் அமெரிக்கப் படைத்தலைவர் கஸ்டரும் அவரோடு நின்ற படையும் மடிந்தபோது, கேப்டன் மைல்ஸ் கியோவின் இந்தக் குதிரை உடலெங்கும் காயத்தோடு கிடைத்தது. உயிர் பிழைத்த ஒரே ஜீவன் என்று அதைக் கொண்டாடினார்கள். யாரும் அதன் மேல் ஏறக் கூடாது என்று 1878இல் உத்தரவே போட்டார்கள். அது நல்ல உத்தரவு. ஆனால் 'ஒரே ஜீவன்' என்பது பொய். அந்தப் போரில் வென்ற லக்கோட்டா, செயென் பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கில் உயிரோடு இருந்தார்கள். தங்கள் நிலத்துக்காகப் போராடி வென்றவர்களைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு குதிரையைக் காட்டி அழ முடிந்திருக்கிறது. குதிரைக் கதைகளை நான் சந்தேகத்தோடு படிக்கத் தொடங்கியது இதனால்தான்.

என்னைக் கேட்டால் இந்த வரிசையில் முதலில் வரவேண்டியவள் ரெக்லெஸ். கொரியாவில் பிறந்த சின்னஞ்சிறு பெண் குதிரை. சியோலில் பந்தயத்துக்கென்று வளர்ந்தவள்.

கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1952 அக்டோபரில் அமெரிக்க மரைன் படையின் லெப்டினன்ட் எரிக் பெடர்சன் 250 டாலர் கொடுத்து அவளை வாங்கினார். அவருடைய பிரிவிடம் 75 மி.மீ. ரீகாயில்லெஸ், அதாவது சுடும்போது பின்னுதைக்காத, பீரங்கிகள் இருந்தன. அதன் ஒரு குண்டே சுமார் 11 கிலோ. சுடும்போது பின்பக்கம் கிளம்பும் தீயும் புழுதியும் எதிரிக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் அடிக்கடி இடம் மாற வேண்டும். அந்தப் பாரத்தை மலை ஏற்றித் தூக்கிக்கொண்டு ஆட்கள் அலைவது பெரும்பாடு. அதற்குத்தான் குதிரை.

கன்னரி சார்ஜென்ட் ஜோ லேதம் அவளைப் பழக்கினார். முள்கம்பியைத் தாண்டுவது, குண்டு விழும்போது படுத்துக்கொள்வது, பதுங்குகுழிக்குள் ஓடுவது எல்லாம் கற்றுக்கொண்டாள். முதல்முறை பீரங்கி வெடித்தபோது, முதுகில் அத்தனை பாரம் இருந்தும் நாலு காலும் தரையைவிட்டு எழும்பத் துள்ளி, வியர்த்து நடுங்கினாள். அடுத்தடுத்த வெடிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினாள். குளிர் கடுமையான இரவுகளில் வீரர்களின் கூடாரத்துக்குள் அடுப்போரமாகத் தூங்கினாள். முட்டை, சாக்லேட், கோக்கோகோலா, கிடைத்ததையெல்லாம் தின்றாள், குடித்தாள்.

1953 மார்ச் கடைசியில் வேகாஸ் என்று பெயரிட்ட முன்னணிக் குன்றைப் பிடிக்கச் சீனப் படை தாக்கியது. அந்தச் சண்டையின் ஒரே நாளில் ரெக்லெஸ் 51 நடை போய்வந்தாள். கிடங்கிலிருந்து திறந்த வயல்வெளியைக் கடந்து, செங்குத்தான மேட்டில் ஏறி, பீரங்கி இருந்த இடத்தில் குண்டை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். மொத்தம் 386 குண்டுகள். கூட்டிப்பாருங்கள், 4 டன்னுக்கு மேல். நடந்த தூரம் 56 கிலோமீட்டர் அளவுக்கு. இறங்கும்போது சில நடைகளில் காயம்பட்டவர்களைச் சுமந்துவந்தாள். இரண்டு இடத்தில் அடிபட்டது. வீரர்கள் தங்கள் கவச உடையைக் கழற்றி அவள் மேல் போர்த்தினார்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்று உண்டு. அந்த நடைகளில் பெரும்பாலானவற்றில் அவளை ஓட்டிச்செல்ல ஆளே கிடையாது. கடிவாளத்தைப் பிடித்தவரில்லை, முதுகில் ஏறியவரில்லை. குண்டு விழுந்துகொண்டிருந்த வழியில் தனியாகப் போனாள், தனியாக வந்தாள். எந்த அலெக்சாண்டருக்கும் இதில் பங்கு கொடுக்க முடியாது.

வாயில்லா ஜீவனைப் போருக்கு இழுத்துவிட்டு வீரம் என்கிறீர்களே என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். நியாயமான கேள்வி. முதல் உலகப் போரில் மட்டும் 80 லட்சம் குதிரைகள் மாண்டதாகச் சொல்கிறார்கள். அதில் ஒன்றுகூடச் சம்மதம் சொல்லிவிட்டுப் போகவில்லை. ரெக்லெஸையும் யாரும் கேட்கவில்லை. அவளைப் போருக்குக் கொண்டுபோனது சரி என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் கொண்டுபோன பிறகு அவள் செய்ததை அவள் கணக்கில்தான் எழுத வேண்டும் என்கிறேன். பயம் அறியாத பிராணி இல்லை அவள். நடுங்கியவள்தான், பிறகு போனவள்தான்.

படையும் அவளை மறக்கவில்லை. கப்பலேற்றி 1954இல் சான்பிரான்சிஸ்கோ கொண்டுவந்தார்கள். 1959இல் அணிவகுப்போடு ஸ்டாஃப் சார்ஜென்ட் பதவி. 1968இல் கலிஃபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டனில் இறந்தாள். வர்ஜீனியாவில் 2013இல் சிலை வைத்தார்கள். 2016இல் போர்க்கால விலங்குகளின் வீரத்துக்குத் தரும் பிரிட்டனின் டிக்கின் பதக்கமும் வந்தது.

ஆனால் அவளை விற்ற கொரிய இளைஞனைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. கண்ணிவெடியில் கால் இழந்த அக்காளுக்குச் செயற்கைக் கால் வாங்கத்தான் தன் செல்லக் குதிரையை விற்றான். அந்த 250 டாலர் அதற்கானது. அந்த யுத்தத்தில் நொறுங்கிப்போன லட்சக்கணக்கான கொரியக் குடும்பங்களில் அது ஒன்று. பிள்ளைகளுக்கு ரெக்லெஸ் கதையைச் சொல்கிறவர்கள் 51 நடையோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கண்ணிவெடியிலிருந்து தொடங்குங்கள். குதிரையை ஏன் விற்றான், யார் யாரோடு சண்டை போட்டார்கள், ஏன் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். நேரம் ஆனாலும் பரவாயில்லை, உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.