கார் ஒயிலை மோட்டார் சைக்கிளுக்கு விடலாமா?

"10டபிள்யூ-40 எண்டால் எல்லாம் ஒண்டுதான். காருக்கு விடுற ஒயிலையே பெரிய மோட்டார் சைக்கிளுக்கும் விடலாம், காசு மிச்சம்." கிளிநொச்சி, வவுனியாப் பெடியளின் வட்ஸ்அப்பில் சுற்றும் கதை இது.

பிழை. அந்த இலக்கம் சொல்வது ஒயிலின் தடிப்பை மட்டும். 40 என்பது 100 பாகை செல்சியஸில் அதன் தடிப்புத் தரம். கிளட்ச் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஒயிலில்தான் குளிக்கின்றன. எரிபொருளை மிச்சம் பிடிக்கவென்று சில கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்திருக்கும். அது கிளட்ச் தட்டுகளில் ஏறினால், ஏ9 வீதியில் நீங்கள் முறுக்க முறுக்க எஞ்சின் கத்தும், வேகம் மட்டும் ஏறாது.

போத்தலைத் திருப்பிப் பாருங்கள். 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருக்கவேண்டும். ஒயிலில் குளிக்கும் கிளட்சுக்கு இந்த ஒயில் பொருந்தும் என்று சொல்லும் ஜப்பானியத் தரக் குறி அது. 'எம்பி' என்றால் அது ஸ்கூட்டிக்கு. அதன் கிளட்ச் ஒயிலில் நனைவதில்லை.

சிந்தெட்டிக் (செயற்கை) ஒயில் விட்டால் கிளட்ச் வழுக்கும் என்பதும் வெறும் பயம்தான். எம்ஏ2 சிந்தெட்டிக் தாராளமாக விடலாம். தடிப்பு எவ்வளவு என்பதை வன்னி வெயிலோ கராஜ் பாஸோ அல்ல, மோட்டார் சைக்கிளோடு வந்த கைநூல் சொல்லட்டும்.