கணக்கில் வராத சுண்டெலிகள்

விலங்குகளை ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்று விவாதம் கிளம்பினால் எல்லோரும் ஊசி போடும் மேசையைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த மேசைக்கு வராமலேயே சாகும் விலங்குகளைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017-இல் சோதனைகளில் பயன்பட்டவை 90 லட்சத்துக்குச் சற்று மேல். வளர்க்கப்பட்டு, எந்தச் சோதனைக்கும் உட்படாமல் கொல்லப்பட்டவையோ சுமார் 1 கோடியே 26 லட்சம். கொன்றபின் திசு எடுக்கப்பட்டவையும் இதில் அடக்கம் என்பதால் எல்லாமே வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பாலானவை சுண்டெலிகள் என்பதற்குக் காரணம் உண்டு.

ஆய்வுக்கென்றே மரபணு மாற்றிய சுண்டெலிகளை வளர்க்கிறார்கள். மாற்றப்பட்ட மரபணு இரு பிரதிகளாக உள்ள குட்டி வேண்டும். பெற்றோர் இரண்டிடமும் ஒவ்வொரு பிரதிதான் இருக்கிறது. அப்போது சராசரியாக நான்கில் ஒரு குட்டிதான் தேறும். அதிலும் ஆண் மட்டுமே வேண்டும் என்றால் எட்டில் ஒன்று. இப்படி இரண்டு மரபணுக்கள் என்றால், ஆணோ பெண்ணோ, பதினாறில் ஒன்று. சுமார் மூன்று வாரம் சினை, மூன்று வாரம் பால்குடி. பிரிக்கும் சமயத்தில் காதோரம் துளி திசுவைக் கிள்ளி மரபணுவைப் பார்ப்பார்கள். முடிவு வந்ததும் மற்றவை 'உபரி'. பெண் சுண்டெலியின் இனப்பெருக்கச் சுழற்சி முடிவுகளைக் குழப்பிவிடும் என்று ஆண்களையே கேட்கும் பழைய சாக்கைக் கைவிட்டாலே இதில் ஒரு பகுதி குறையும். யாரும் கேட்காத வகைகளை 'என்றாவது தேவைப்படும்' என்று இனம்பெருக்கிக்கொண்டே இருப்பானேன்? விந்தையோ கருவையோ உறையவைத்தால் போதுமே.

இருப்பிடமும் இதே கதைதான். விலங்குக்கூடத்தின் வெப்பம் பெரும்பாலும் 20 முதல் 24 டிகிரி. மேலங்கி அணிந்த மனிதருக்கு இதமானது. சுண்டெலிக்கு வேண்டியதோ 30 டிகிரி அளவு. காகிதக் கீற்றுகளைக் கொடுத்தால் பல்லால் கிழித்து, சுற்றிலும் குவித்து, மேலே கூரைபோல மூடிக்கொண்டு உள்ளே சுருண்டுவிடும். கொடுக்காவிட்டால் உடலைச் சூடாக வைத்திருக்கவே தீனியை எரிக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும். அந்த உடலில் உடல்பருமனுக்கு மருந்து சோதித்துவிட்டு, மனிதரிடம் பலிக்கவில்லையே என்று வியப்பார்கள்! வாலைப் பிடித்துத் தூக்காமல் குழாய்க்குள் நுழையவிட்டு எடுத்தால் பதற்றம் குறைகிறது என்று லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-லேயே காட்டிவிட்டார்கள். ஒரு குழாய்க்கு என்ன பெரிய செலவு?

ஆகவே ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும், பயன்படுத்தியவற்றோடு பிறந்தவை எத்தனை, உபரியாகக் கொன்றவை எத்தனை என்றும் வெளியிட வேண்டும். அது விலங்குச் சோதனையை எதிர்ப்பவர்கள் கையில் ஆயுதம் கொடுப்பதாகும் என்று சிலர் சொல்கிறார்கள். கொடுக்கட்டுமே. சொல்லக் கூசும் எண்ணிக்கை என்றால் அடுத்த இனப்பெருக்கத் திட்டத்தில் அதைக் குறைக்கட்டும்.